லெயோனின் வண்டியும் கிருஷ்ணசாமியின் பெட்டியும்

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய் இருந்தால் என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பற்களும் வருகிற வெள்ளிக்கிழமைக்குள் விழுந்துவிடட்டும். நான்காவதாக ஒரு பல் இருக்கிறது. அது நான் சத்தியம் செய்வதற்கு முன்பிருந்தே ஆடிக்கொண்டிருக்கிறது, அதை இதில் சேர்க்கக் கூடாது.

எலிஸபெத் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அப்பா லெயோனின் விரல் நகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இடது கை சுத்தமாகிவிட்டது. வலது கையில் கட்டைவிரல் நகத்துக்கடியில் இருந்த கிரீஸ் மட்டும் வரவில்லை. தீக்குச்சியால் சுரண்டிப் பார்த்தாள். சோப்பு போட்டுப் பார்த்தாள். மறுபடியும் மண்ணெண்ணெய்.

"வுட்டுடுடி," என்றாள் மதலேன் அத்தை. லெயோனின் அக்கா அவள். "பட்டாளத்துல குடுத்த வெள்ளக் கையுறை பீரோல கெடக்கு. மாட்டிவுட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

"மோட்சத்துல கழட்டச் சொல்லுவாங்க அத்தே."

1961 நவம்பர், சனிக்கிழமை காலை. முந்தின நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, உப்பளத்து வீட்டின் பின்கட்டில், மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தபடியே லெயோன் இறந்துபோயிருந்தார். வயது ஐம்பத்தெட்டு. டாக்டர் வந்து பார்த்து இதயம் என்றார். கையிலிருந்த ஸ்பானரை விரல்களிலிருந்து பிரித்தெடுக்க அவருடைய தம்பி தொமினிக் வரவேண்டியிருந்தது. தொமினிக் பிரான்சில் தூலோனில் வேலை பார்ப்பவர், லீவில் வந்திருந்தார். அடக்கம் சாயங்காலம் நான்கு மணிக்கு.

அந்த மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். 1954 நவம்பரில் புதுச்சேரி கைமாறியது. பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். டிசம்பரில் ஒரு பிரெஞ்சு எஞ்சினியர் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். அதில் ஒரு மோட்டார் சைக்கிள், இங்கிலாந்தில் செய்தது, ஒற்றைச் சிலிண்டர், அப்போதே இருபது வயது. டாங்கில் எழுதியிருந்த பெயர் அழிந்துபோயிருந்தது. இங்கிலீஷ் வண்டி வாங்கிய வெட்கத்தில் எஞ்சினியரே அதைச் சுரண்டிவிட்டார் என்றும் சொல்வார்கள். வண்டியைக் கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் லெயோன், பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து வந்து பென்ஷனில் இருந்தவர். இன்னொருவர் மூலக்குளத்து விவசாயி கிருஷ்ணசாமி. கிருஷ்ணசாமிக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ஓட்டும் ஆசையும் இல்லை. எஞ்சினைக் கழற்றிக் கிணற்றடியில் வைத்து நிலத்துக்குத் தண்ணீர் இறைக்கலாம் என்று வந்திருந்தார்.

வண்டி லெயோனுக்கு விழுந்தது. அடுத்த சாமான் ஒரு மரப்பெட்டி, நான்கு பேர் தூக்கும் கனம். அந்த வண்டிக்கான ஸ்பேர் பார்ட்ஸ் முழுவதும் அதில் இருந்தன. பெட்டியோடு ஒரு வெறும் பிரேமும் கயிற்றால் கட்டியிருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து மாட்டினால் இன்னொரு வண்டி எழுந்து நின்றுவிடும். வண்டி போன கோபத்தில் கிருஷ்ணசாமி அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டார். எடை போட்டுத்தான் கொடுத்தார்கள், நூற்றுப்பன்னிரண்டு கிலோ.

லெயோன் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். நான்காவது நாள் ஒரு போல்ட் உடைந்தது.

புதுச்சேரியில் அன்றைக்கு நட்டு, போல்ட், ஸ்பானர் எல்லாம் மில்லிமீட்டர். வண்டியோ அங்குலத்துக்குப் பிறந்தது. ஊரிலுள்ள எந்த ஸ்பானரைப் போட்டாலும் வழுக்கும், இல்லாவிட்டால் நுழையாது. லெயோன் மெட்ராஸ் மூர் மார்க்கெட்டுக்குப் போனார். அங்கே ஒரு கிழவர் கார்புரேட்டரைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். லெயோன் இங்கிலாந்துக் கம்பெனிக்கே கடிதம் எழுதினார். வண்டி ஓடிக்கொண்டிருப்பது அறிந்து மகிழ்ச்சி, நாங்கள் இப்போது சலவை மிஷின் செய்கிறோம், எங்கள் ஃபோர்மன் நம்ப மாட்டேன் என்கிறார், தயவுசெய்து ஒரு போட்டோ அனுப்பவும் என்று பதில் வந்தது. போட்டோ அனுப்பினார். ஃபோர்மன் அழுதுவிட்டார் என்று இன்னொரு பதில் வந்தது. போல்ட் வரவில்லை.

கடைசியில் மூலக்குளத்துக்கு நடந்து போனார்.

"விக்க மாட்டேன் முசே," என்றார் கிருஷ்ணசாமி. மரியாதைக்குரிய பிரெஞ்சுப் பென்ஷன்காரர்களை அந்தப் பக்கத்தில் முசே என்றுதான் கூப்பிடுவார்கள். "மாத்திக்கலாம். பழச வெச்சிட்டுப் புதுச எடுத்துக்க. நான் எடை போட்டு வாங்கினவன். எடை கொறையக் கூடாது."

அன்றிலிருந்து அதுதான் முறை. உடைந்ததைப் பெட்டியில் வைக்க வேண்டும், நல்லதை எடுத்துக்கொள்ள வேண்டும். கூலியாக ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் கிருஷ்ணசாமியைப் பின்னால் வைத்து ஒரு சுற்று. ஏழு வருடம்.

எலிஸபெத்துக்கு அந்த வண்டி விளையாட்டுச் சாமான் அல்ல. அவள் ஊரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி, வயது இருபத்தாறு. சுற்றுக் கிராமங்களுக்குப் போய்ப் பிரசவம் பார்க்கும் வேலை. சொந்த வண்டி உள்ளவர்களுக்குத்தான் அந்த வேலை என்பது ஆஸ்பத்திரியின் சட்டம். முதலில் அப்பா ஓட்டினார், அவள் பின்னால் உட்கார்ந்து போனாள். இரண்டு வருடமாக அவளே ஓட்டினாள். மூலக்குளம் திருப்பத்தில் அந்த வண்டி கியர் மாறும் சத்தம் கேட்டாலே பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வலி முற்றிவிடும். 1959இல் மட்டும் அவள் வாசலில் இறங்குவதற்குள் பதினோரு குழந்தைகள் பிறந்துவிட்டன. பன்னிரண்டாவது மட்டும் தாமதம். அன்று சைலன்சரைப் புதிதாக மாற்றியிருந்தார்கள்.

வாசலில் மாட்டு வண்டிச் சத்தம் கேட்டது. எலிஸபெத் துணியை வைத்துவிட்டு எழுந்தாள்.

கிருஷ்ணசாமி இறங்கிக்கொண்டிருந்தார். வண்டியில் அந்த மரப்பெட்டியும், வைக்கோலால் சுற்றிய பிரேமும். வண்டிக்காரன் பக்கிரி மாடுகளை அவிழ்க்காமல் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வாங்க மாமா."

அவர் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார். சவப்பெட்டிக்கு முன்னால் நின்றார். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் ஒரு பத்து மணியை உருட்டி முடித்து அடுத்த பத்தைத் தொடங்கினார்கள்.

"சட்ட பட்டன தப்பாப் போட்டிருக்கு," என்றார்.

எலிஸபெத் குனிந்து பார்த்தாள். ஒரு பட்டன் துளை மாறித்தான் இருந்தது. எல்லாவற்றையும் கழற்றி மேலிருந்து ஒழுங்காகப் போட்டாள்.

"பாப்பா, நான் சொல்றத தப்பா எடுத்துக்காத. எங்க பக்கத்துல ஒரு வழக்கம். செத்தவங்களோட கொடுக்கல் வாங்கல் எதுனா இருந்தா, எடுக்கறதுக்கு முன்னாடி அவங்க எதிர்லயே சொல்லிடணும். மண்ணு போட்டப்புறம் கேட்டா அது செல்லாது."

"அப்பா ஒங்களுக்கு என்னா தரணும்?"

"வண்டி."

ஜெபமாலை ஒரு கணம் நின்று, பிறகு சற்று மெதுவாகத் தொடர்ந்தது. எல்லோரும் காதை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டார்கள்.

கறுப்புக் கோட்டில் வியர்த்துக்கொண்டிருந்த தொமினிக் முன்னால் வந்தார். "எழவு வீட்டுல வந்து வண்டிய கேக்கறியா நீ? ஏலத்துல எடுத்தது எங்க அண்ணன்!"

"ஆமா. அந்த வண்டியத்தான் கொண்டாந்திருக்கேன்," என்றார் கிருஷ்ணசாமி. "பக்கிரி, எறக்கு."

முற்றத்தில் ஒரு பாயை விரித்து, பெட்டியிலிருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார்கள். முதலில் பிரேம். அதற்கு முன்னால் ஹேண்டில்பார், பின்னால் மட்கார்டு, நடுவில் பிஸ்டன், மேக்னெட்டோ, கார்புரேட்டர், செயின். எல்லாம் தேய்ந்தவை, விரிந்தவை, துரு ஏறியவை. அரை மணி நேரத்தில் பாயின்மேல் ஒரு முழு மோட்டார் சைக்கிள் மல்லாந்து படுத்திருந்தது. பத்தடி தள்ளி, பின்கட்டுச் சுவரோரமாக, லெயோனின் மோட்டார் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது.

"முசே ஏலத்துல எடுத்தது இது," என்று பாயைக் காட்டினார் கிருஷ்ணசாமி. "நான் எடுத்தது அது. ஏழு வருசமா ஒவ்வொண்ணா மாத்தி மாத்தி, என் பொட்டி அங்க போயி நிக்குது, அவரு வண்டி என் பொட்டில வந்து படுத்துக்கிச்சு. எடை போட்டுப் பாத்துட்டுத்தான் வர்றேன். நூத்திப்பன்னண்டு கிலோ. அர கிலோ கொறச்சல், அது தேய்மானம்."

எலிஸபெத் நின்ற வண்டிக்கும் பாய்க்குமாக நடந்தாள்.

"மேக்னெட்டோ?"

"அம்பத்தேழு, ஆடி மாசம். பழசு அதோ, ஒங்கால்கிட்ட."

"பெட்ரோல் டாங்கு?"

"அம்பத்தொம்பது பொங்கலுக்கு."

"பிரேமு! பிரேம எப்படி மாத்துவீங்க?"

"வில்லியனூர் ரோட்டுல பாலத்துல உழுந்தீங்களே ரெண்டு பேரும், மறந்துட்டியா? மொழங்கால்ல தையல் போட்டாங்களே ஒனக்கு."

அவள் மறக்கவில்லை. "ஆரன்?"

"அது பிரெஞ்சுக்காரன் காலத்துலயே கெடையாது."

எலிஸபெத் பாயோரமாகக் குந்தி உட்கார்ந்தாள்.

"போன ஞாயித்துக்கெழம செயின் மூடிய மாத்தினாரு," என்றார் கிருஷ்ணசாமி. "அதான் கடசி. பொட்டிய எட்டிப் பாத்துட்டு சிரிச்சாரு. யோவ் கிருஷ்ணசாமி, இனிமே வண்டி ஒன்னுது, பொட்டி என்னுதுன்னாரு. வெளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ. சொன்னது சொன்னதுதான?"

துக்கத்துக்கு வந்தவர்கள் குழம்பிப்போனார்கள். மீன் விற்கும் சின்னப்பொண்ணு உள்ளே போய் லெயோனைப் பார்த்துக் கும்பிட்டு, வெளியே வந்து பாயைப் பார்த்தாள். கிறிஸ்தவர்கள் வீட்டில் இப்படி ஒரு முறை இருக்கும்போலிருக்கிறது என்று நினைத்து, கையில் மிச்சமிருந்த பூவைப் பெட்ரோல் டாங்கின்மேல் வைத்துவிட்டுப் போனாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே வைத்தார்கள். பத்து மணிக்கெல்லாம் பிஸ்டன் தெரியவில்லை.

"எடுத்துட்டுப் போயி என்னா செய்யப்போறீங்க?" என்று கேட்டாள் எலிஸபெத்.

"எஞ்சினக் கழட்டிக் கெணத்துல வெப்பேன். அதுக்குத்தான அன்னைக்கே வந்தேன்?"

"கெணத்துக்குக் கரண்டு மோட்டாரு போட்டு ரெண்டு வருசம் ஆவுதே," என்றான் பக்கிரி.

"நீ மாட்டப் பாருடா."

தொமினிக் எலிஸபெத்தைக் கைப்பிடித்து ஓரமாக அழைத்துப்போனார். சற்றுமுன் இருந்த கோபம் அவரிடம் இப்போது இல்லை. "எடுத்துட்டுப் போவட்டும் வுடு. பழைய இரும்பு. வண்டி இல்லாம ஒனக்கு இங்க என்னா வேல? ஆஸ்பத்திரில திங்கக்கெழமயே வேற ஆளப் போட்டுடுவாங்க. இருவத்தெட்டாந் தேதி பம்பாயில கப்பலு. வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துடு. வொலா! பாரு, ஆண்டவரே வழி காமிச்சிட்டாரு."

"அங்க வந்து நான் என்னா பண்றது சித்தப்பா?"

"என்னா பண்றதா? இரு. எல்லாரும் அங்க என்னா பண்றாங்க? இருக்காங்க."

அவள் முற்றத்தைப் பார்த்தாள். கிருஷ்ணசாமி நின்றுகொண்டிருந்த வண்டியின் சீட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். முன் சீட்டை அல்ல, பின் சீட்டை.

அவள் திரும்பி வந்து, "மாமா, உள்ள வாங்க," என்றாள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தினாள். "ஒங்க வழக்கப்படியே செய்யலாம். அப்பா எதிர்லயே சொல்லிடுங்க. வண்டி யாருது?"

"என்னுது."

"பொட்டி?"

"முசேவுது. இப்ப ஒன்னுது."

"பொட்டிக்கு என்னா முறை?"

கிருஷ்ணசாமிக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. ஏழு வருடம் அவரே ஏற்படுத்தி அவரே நடத்திய முறை. நிமிர்ந்து நின்று சொன்னார்: "பழச வெச்சாதான் வேற குடுக்கலாம். பழசு இல்லன்னா பொட்டிக்காரங்க இஷ்டம். குடுக்கலாம், குடுக்காமயும் இருக்கலாம். ஏன்னு கேக்கக் கூடாது. முசே ஒரு நாளும் கேட்டதில்ல."

"சரி. எடுத்துக்குங்க," என்றாள் எலிஸபெத்.

மதலேன் அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அவன் கண்ண மூடி ஒரு நாள் ஆவல. வண்டியத் தூக்கிக் குடுத்துட்டாளே!"

எலிஸபெத் அப்பாவின் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். கட்டைவிரலில் கிரீஸ் அப்படியே இருந்தது. கையுறை போடாமல் அந்தக் கையை மார்பின்மேல் வைத்தாள், இடது கையை அதன்மேல் வைத்தாள்.

மூன்றரை மணிக்குப் பங்குச் சாமியார் வந்தார். தீர்த்தம் தெளித்து மந்திரித்து முடித்ததும் தூக்கினார்கள். உப்பளத்துக் கல்லறைத் தோட்டம் அங்கிருந்து தூரமில்லை. முன்னால் சிலுவை, பிறகு சவப்பெட்டி, பிறகு குடும்பம், பிறகு தெருக்காரர்கள். எல்லோருக்கும் பின்னால் கிருஷ்ணசாமி மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருக்கும் பின்னால் பக்கிரி வண்டியை ஓட்டி வந்தான். முற்றத்தில் கிடந்ததையெல்லாம் பெட்டிக்குள் அள்ளிப் போட்டு, பூவோடு, வண்டியிலேயே ஏற்றியிருந்தான். இறக்கி வைக்கச் சொல்லி யாரும் அவனிடம் சொல்லவில்லை.

"மாட்டு வண்டில ஏத்திக்கலாமே," என்று யாரோ சொன்னார்கள். "எதுக்குத் தள்ளிக்கிட்டு?"

"முசே கூடப் போறப்ப அது மாட்டு வண்டில போவுமா?" என்றார் கிருஷ்ணசாமி.

மழை பெய்து இரண்டு நாளாகியும் குழியில் ஈரம் இருந்தது. எலிஸபெத் ஒரு பிடி மண் போட்டாள். தொமினிக் போட்டார். மதலேன் அத்தையை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கிருஷ்ணசாமி உள்ளே வரவில்லை. வண்டியை விட்டுவிட்டு வர முடியாது என்று வாசல் கேட்டுக்கு அருகிலேயே நின்றுகொண்டார்.

அவர்கள் மண்ணைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே வெளியே சத்தம் தொடங்கியது. டொக். டொக். கிருஷ்ணசாமி வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். ஏழு வருடம் பின்னால் உட்கார்ந்தவருக்கு உதைக்க வேண்டும் என்பது தெரியும். உதைப்பதற்கு முன் கைப்பிடியில் இருக்கும் சின்ன லீவரை அமுக்கிச் சிலிண்டரில் அடைபட்ட காற்றை விட வேண்டும் என்பது தெரியாது. அதை அமுக்காமல் உதைத்தால் அந்த வண்டி திருப்பி உதைக்கும்.

பதினெட்டாவது உதையில் வண்டி திருப்பி உதைத்தது. கிக்கரின் ஸ்பிரிங் தெறித்து, கேட்டைத் தாண்டி, ஒரு கல்லறைச் சிலுவையில் பட்டு மேலே எழும்பியது. அது கீழே விழவில்லை. அங்கே வட்டமிட்டுக்கொண்டிருந்த காகம் ஒன்று அதை அலகில் பிடித்துக்கொண்டு துறைமுகம் பக்கமாகப் போய்விட்டது. சாமியார் உட்பட நாற்பது பேர் பார்த்தார்கள். சாமியார் இப்போது உயிரோடு இல்லை, மற்றவர்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

எலிஸபெத் வெளியே வந்தாள். கிருஷ்ணசாமி ஒரு காலைத் தூக்கிக் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்பிரிங்கு போச்சு," என்றார்.

"பாத்தேன்."

"பொட்டில ஒண்ணு இருக்கும். அம்பத்தாறுல மாத்தினது. இழுவ கொஞ்சம் கம்மி, ஆனா வேல செய்யும்."

"இருக்கும்."

"அதக் குடேன்."

"பழசு எங்க மாமா?"

கிருஷ்ணசாமி வானத்தைப் பார்த்தார். துறைமுகம் பக்கம் நன்றாகப் பார்த்தார். காகம் திரும்பி வரவில்லை.

"பழசு இல்லன்னா?" என்றாள் எலிஸபெத்.

அவர் தூக்கிய காலை மெதுவாகத் தரையில் ஊன்றினார்.

"காலையில அப்பா எதிர்ல சொன்னீங்க."

"பொட்டிக்காரங்க இஷ்டம்," என்றார் கிருஷ்ணசாமி. சொல்லும்போது சத்தமே வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"ஸ்பிரிங்கு குடுக்கறேன். நானே மாட்டியும் வுடறேன். வண்டி ஒங்களுதுதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா திங்கக்கெழமலேருந்து சனிக்கெழம வரைக்கும் அது உப்பளத்துல, எங்க வீட்டுல நிக்கும். அதுல நான் வேலைக்குப் போவேன். ஞாயித்துக்கெழம ஒங்களுது."

"எலிஸபெத்!" என்றார் தொமினிக். "கப்பலு…"

"சித்தப்பா, கொஞ்சம் இருங்க."

தொமினிக் கோட்டுப் பையில் கையை விட்டு, எதையோ தேடுவதுபோல வெகுநேரம் வைத்திருந்து, வெறுங்கையை எடுத்தார்.

கிருஷ்ணசாமி தலையைக் குனிந்து யோசித்தார். "எனக்குத்தான் ஓட்டத் தெரியாதே பாப்பா."

"தெரியும்."

"ஞாயித்துக்கெழம வண்டிய வெச்சிக்கினு நான் என்னா பண்றது?"

"நான் ஓட்டறேன். நீங்க பின்னால ஒக்காருங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். மறுபடி எடுத்தார். "பூச முடிஞ்சா?"

"பூச முடிஞ்சி."

"பீச்சு வழியாதான போவோம்?"

"அப்பா எது வரைக்கும் போவாரு?"

"பழைய பாலம் வரைக்கும். அங்க நிப்பாட்டி ஆளுக்கு ஒரு சுருட்டு."

"நான் சுருட்டு புடிக்க மாட்டேன்."

"பரவால்ல," என்றார் கிருஷ்ணசாமி. "நானே ரெண்டு புடிச்சிக்கறேன்." பிறகு, ஏதோ நினைவுக்கு வந்தவரைப்போல, "பெட்ரோலு யாருது?"

"வண்டி யாருதோ அவங்களுது."

"அநியாயமா இருக்கே," என்று பக்கிரியைப் பார்த்தார். பக்கிரி மாட்டைப் பார்த்தான்.

எலிஸபெத் மாட்டு வண்டியில் ஏறிப் பெட்டியைத் திறந்தாள். மேலே கிடந்த பூவை ஒதுக்கி, முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினாள். ஸ்பிரிங் அடியில் இருந்தது. கறுப்பு கவுனோடு தரையில் உட்கார்ந்து அதை மாட்டினாள். அங்குல ஸ்பானர் ஒன்றுதான் இருந்தது, நேற்று அப்பாவின் கையிலிருந்து பிரித்தெடுத்தது. தொமினிக் அதைக் கோட்டின் மறு பையில் போட்டு மறந்திருந்தார், கேட்டதும் கொடுத்தார். கால் மணி நேரம் ஆனது. துக்கத்துக்கு வந்தவர்கள் கலையாமல் சுற்றி நின்றார்கள். எழுந்து, லீவரை அமுக்கி, ஒரே உதை.

அந்தச் சத்தத்தில் உப்பளத்தில் இரண்டு தெரு தள்ளி ஒரு குழந்தை பிறந்தது. ஆண். எடை மூன்று கிலோ.

மறுநாள் பூசை முடிந்ததும் கிருஷ்ணசாமி கோயிலுக்கு எதிரே, அவர் எப்போதும் நிற்கும் பூவரச மரத்தடியில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். எலிஸபெத் வண்டியை நிறுத்தினாள். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினார். சீட்டின் கடைசி ஓரத்தில், விழுந்துவிடுவாரோ என்று பார்ப்பவர்கள் பயப்படும்படி உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் இன்னோர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.

"மெதுவாப் போவட்டுமா மாமா?"

"முசே மெதுவாப் போவ மாட்டாரு."

கடற்கரையில் காற்று பலமாக இருந்தது. புயலில் போன பழைய பாலத்தின் இரும்புக் கால்கள் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும் இடத்தில் எலிஸபெத் வண்டியை நிறுத்தினாள். கிருஷ்ணசாமி இறங்கிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, மடியிலிருந்து இரண்டு சுருட்டுகளை எடுத்தார். ஒன்றைப் பற்றவைத்து வாயில் வைத்துக்கொண்டார். இன்னொன்றையும் பற்றவைத்தார். அதைப் பிடிக்காமல் பக்கத்தில் சுவர்மேல், நெருப்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தார்.

எலிஸபெத் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் இருந்த சுருட்டைக் காற்றே பிடித்து முடித்தது.

புதுச்சேரி நகராட்சியின் 1961ஆம் வருட இறப்புப் பதிவேட்டில் லெயோனின் பெயருக்கு நேரே, மணமாகாதவர், பிள்ளைகள் இல்லை, இறப்பைத் தெரிவித்தவர் கிருஷ்ணசாமி, விவசாயி, மூலக்குளம், என்று எழுதியிருக்கிறது. பதிவேட்டுக்காரர் எந்தப் பல்மேல் சத்தியம் செய்தாரோ தெரியாது, என் மூன்று பற்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.